ஒரு வேளை கூட விடவில்லை

என் கணவர் சர்வேயர். புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள், நாலைந்து கொடிக் கம்புகள், தோளில் ஒரு துணிப்பை. இவற்றோடு ஆலங்குடிப் பக்கத்து முந்திரிக் காடுகளிலும் நார்த்தாமலைக்குக் கீழே கிடக்கும் பொட்டலிலும் வருஷம் முழுவதும் நடந்துகொண்டிருப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரிசையாக நட்ட மூன்று கம்புகளும் ஒரே கம்பாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியவில்லை என்றால் கடைசிக் கம்புக்காரரிடம் கையை ஆட்டி, “இங்கிட்டு, இன்னும் ஒரு விரக்கடை இங்கிட்டு” என்பார். நாங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே நிலைக்கதவு சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். அது மரியாதையாக இருக்காது என்று நான் கோபித்துக்கொள்வேன்.

நான் திருச்சியில் விலங்கியல் படித்தவள். பிறகு ஆசிரியப் பயிற்சியும் முடித்துவிட்டு புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு. அவர், நான், என் மாமியார், மூன்றே பேர். என் கணவருடைய அக்கா ஒருத்தி பொன்னமராவதியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் சரிந்தார். கையும் காலும் வெட்டி இழுத்தன. மாமியார் ஓடிப்போய் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவர் கையில் திணித்தார். நான் படித்த புத்தகத்தில் வலிப்பு என்று ஒரு பாராதான் இருந்தது. அந்தப் பாராவில் இருந்த எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நானும் சேர்ந்து சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்தது. நாலு தெரு தள்ளி, பர்மாவிலிருந்து திரும்பி வந்த டாக்டர் ஒருவர் நாலு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். அவர் பீனோபார்பிட்டோன் என்ற மாத்திரையைக் கொடுத்தார். பொட்டு மாதிரி சின்ன வெள்ளை மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கொடுக்கும்போதே என்னைப் பார்த்துச் சொன்னார்:

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இதை நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும். நான் சொல்லித்தான் குறைக்கணும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா.”

புரிந்தது என்று தலையாட்டினேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு என்னால் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவே இல்லை. ஆனால் அவரும் முழுதாக வரவில்லை. மாலையில் வேலையிலிருந்து திரும்பியதும் கால் கழுவிக்கொண்டு, அன்றைய வரப்புச் சண்டைகளைக் குரல் மாற்றிப் பேசிக் காட்டி என்னையும் மாமியாரையும் சிரிக்க வைப்பவர் அவர். இப்போது வந்ததும் சுவரோரம் உட்காருவார். கேட்டால் ஒரு வார்த்தை பதில். ஒரு நாள் ரசஞ்சாதத்தில் கை வைத்தபடியே கண்ணை மூடிவிட்டார். தாலுகா ஆபீஸில் படம் வரைந்து கொடுக்கத் தாமதமாகிறது என்று தாசில்தார் பேசினாராம். “ஒடம்பு சரியில்லியான்னு கேட்டாரு. தூக்கம் பத்தலைன்னு சொல்லிட்டு வாரேன்,” என்றார். வலிப்பு என்று தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. அதனால் அதை ஆபீஸில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவருக்காகத்தான் வருத்தப்பட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்காகவும்தான். பள்ளியில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வரும் எனக்கு, வீட்டில் என்னோடு பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த வருஷம் அரைப் பரீட்சை விடுமுறையில் திருச்சிக்குப் போய் என் பழைய பேராசிரியையைப் பார்த்தேன். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி வந்திருந்த ஒரு கட்டுரையைக் காட்டி, “எடுத்துட்டுப் போய் படி, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு,” என்று அந்தப் பத்திரிகையைக் கொடுத்தார். கணவாய் மீனின் தடித்த நரம்பில் மெல்லிய கம்பியைச் செலுத்தி ஆராய்ச்சி செய்திருந்தார்கள். நரம்புக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். நரம்பு கிளர்ச்சியடையும்போது சோடியம் உள்ளே பாய்கிறது. அடுத்த கணமே பொட்டாசியம் வெளியே போகிறது. அது வெளியே போவதால்தான் நரம்பு அடங்கிப் பழைய நிலைக்கு வருகிறது. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸிலேயே அதை மூன்று தரம் படித்தேன். நரம்பு அடங்காமல் துடிப்பதுதானே வலிப்பு? அடக்குவது பொட்டாசியம் என்றால், இவருக்கு அது பற்றவில்லை என்றுதானே அர்த்தம்? இளநீரில் பொட்டாசியம் நிறைய. வாழைப்பழத்திலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் நிறைய. ஆலங்குடியில் இளநீருக்கா பஞ்சம்?

கல்லூரியில் நானே ஒரு சோதனை செய்திருந்தேன். தவளையின் தொடைத் தசையை நரம்போடு எடுத்து உப்புநீரில் வைத்து, அதில் பொட்டாசிய உப்பைக் கூட்டினோம். தசை தானாகத் துள்ளியது. துள்ளித் துள்ளிப் பிறகு நனைந்த துணி மாதிரி கிடந்தது. வெளியே பொட்டாசியம் கூடினால், உள்ளே இருப்பது வெளியேறுவது குறைகிறது. அதனால் நரம்பு அடங்குவதற்குப் பதில் முதலில் கிளர்ச்சிதான் அடைகிறது. என் கணக்கு தலைகீழ் என்பதற்கான சாட்சியை என் கையாலேயே பீங்கான் தட்டில் வைத்துப் பார்த்து, படம் போட்டு, மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்தச் சமயத்தில் அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வேறு ஏதாவது சமாதானம் கண்டுபிடித்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போயிருந்தபோது அவரிடம் சொன்னேன்.

“மாத்திரை இல்லாமலே சரி பண்ணிடலாம்னு தோணுதுங்க.”

“டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரே?”

“அவர் படிச்சு இருபது வருஷம் ஆச்சு. இது இப்பக் கண்டுபிடிச்சது.”

அவர் என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

“நீ படிச்சவ. எனக்கு நெலத்தை அளக்கத்தான் தெரியும். நரம்பை ஒங்கிட்ட விட்டுட்டேன்.”

இரண்டு வாரம் இரவு மாத்திரை மட்டும் கொடுத்தேன். தினமும் இரண்டு இளநீர், மூன்று பழம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். எத்தனை மாத்திரை, எத்தனை இளநீர், எத்தனை மணிக்குத் தூங்கினார், என்ன பேசினார், எல்லாம். மூன்றாவது வாரம் இரவு மாத்திரையையும் நிறுத்தினேன். ஒரு மாதம் நோட்டு நிறைந்ததும் பேராசிரியைக்கு எழுதலாம் என்று கடிதத்தின் முதல் வரியைக்கூட மனதில் வைத்திருந்தேன்.

ஒன்பது நாட்கள் அவர் பழைய ஆளாக இருந்தார். வரப்புக் கல்லைப் பிடுங்கித் தன் வீட்டு அம்மிக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு ஆளைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, மாமியார் அடுப்படியில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு இது இவ்வளவு கெட்டதாக முடிந்தும், அந்த ஒன்பது நாட்களை என்னால் இன்றும் வெறுக்க முடியவில்லை.

அந்த நாட்களில் மாமியாரும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். மகன் தெளிந்து வருவதைப் பார்த்து, அது நிலைக்கட்டும் என்று, கோயிலில் யாரோ சொன்ன ஒரு கஷாயத்தை மூன்று நாள் போட்டுக் கொடுத்தார். அதில் சீரகமும் இரண்டு மூன்று இலைகளும் கிடந்ததைப் பார்த்தேன். ஒன்றும் செய்யாத கஷாயம் என்று எனக்குத் தெரியும். அதையும் நோட்டில் எழுதினேன்.

பத்தாவது நாள் நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். சங்கிலி பிடிக்கிறவர்களில் மூத்தவர், ஐம்பது வயதுக்காரர், வகுப்பு வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்கச் செம்மண்.

“டீச்சரம்மா, சார் நார்த்தாமலைல விழுந்துட்டாரு. வண்டியில போட்டு ரோட்டுக்குக் கொண்டாந்து பஸ்ஸுல ஏத்தியாந்தோம். டாக்டரு ஆஸ்பத்திரிலதான் கெடக்காரு. மறுபடி மறுபடி இழுக்குதும்மா. நடுவுல முழிக்கவே மாட்டேங்குறாரு.”

நான் போனபோது டாக்டர் அவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பாரால்டிஹைடு என்ற மருந்து. அந்த அறை முழுக்க அதன் நெடி. என் கணவர் மூச்சிலும் அதே நெடி. நான் நின்ற நேரத்துக்குள் இன்னும் இரண்டு முறை இழுத்தது. நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம் உறைந்திருந்தது. பாறையில் உரசி ஒரு பக்கத்துக் காதும் கன்னமும் தோலுரிந்திருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் இழுப்பு நின்றது.

மறுநாள் காலை அவர் கண் விழித்தார். பொன்னமராவதியிலிருந்து நாத்தனாரும் வந்துவிட்டாள். கட்டிலைச் சுற்றி மாமியார், நாத்தனார், நான். டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மாத்திரை ஒழுங்காக் குடுத்தீங்களா டீச்சர்?”

“ஒரு வேளை கூட விடலை டாக்டர்.”

யோசித்துச் சொன்ன பொய் என்றால் ஒருவேளை பாதியில் நிறுத்தியிருப்பேன். அது பாடம் ஒப்பிப்பது போல வந்துவிட்டது. டாக்டர் அவரைக் கேட்டார்: “நீங்க சொல்லுங்க. ரெண்டு வேளையும் சாப்பிட்டீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நாக்கு வீங்கியிருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை. “சாப்பிட்டேன் சார்,” என்றார்.

“அப்ப வேற ஏதாவது நாட்டு மருந்து குடுத்தீங்களா?”

மாமியார்தான் ஒளிக்காமல் சொன்னார். “நான் ஒரு கசாயம் வச்சுக் குடுத்தேன் சாமி. மூணு நாளு. தலைக்குக் குளுமைன்னு சொன்னாக.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “அதுல என்ன எலை போட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எந்த எலை எந்த மருந்தைக் கெடுக்கும்னு தெரியுமா? நேத்து இவரு பிழைச்சதே பெரிசு.”

“ஏத்தா, ஒனக்கு எத்தனை தடவை சொல்றது?” என்று நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “அவ சயின்ஸ் படிச்ச டீச்சரு. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? ஒம் மகனை நீயே கொன்னுருப்ப.”

மாமியார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டம்ளரில் இருந்த வெந்நீரை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ ஆறியிருந்தது.

டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “கஷாயம் மட்டும் காரணமா இருக்காது டீச்சர். முழு மருந்து உள்ள இருக்கும்போதே இவ்வளவு கடுமையா வந்திருக்குன்னா, இந்த அளவு இவருக்குப் பத்தலை. ரெண்டு மடங்காக்கணும். கூடவே இன்னொரு மருந்தும் சேர்க்கணும்.” எல்லாம் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்த முடிவு. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வராந்தாவில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். “சரிங்க டாக்டர்,” என்றேன்.

அந்த இன்னொரு மருந்தின் பெயர் உச்சரிக்க முடியாத நீளம். சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதத்தில் அவருடைய ஈறுகள் வீங்கிப் பல்லை மூட ஆரம்பித்தன. கால்களை அகட்டி வைத்து நடக்க ஆரம்பித்தார். தெருவில் நடக்கும்போது சுவரை ஒட்டியே நடப்பார். ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“ரெண்டு கண்ணையும் தொறந்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. சரி, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்ப்போம்னா, கம்பு நிக்க மாட்டேங்குது. ஆடுது. காத்துல ஆடுதுன்னு மொதல்ல நெனைச்சேன். காத்தே இல்லை.”

“டாக்டர்கிட்ட சொல்லுவோமா?”

“சொன்னா மருந்தைக் குறைப்பாரா?”

எனக்குப் பதில் தெரியும். சொல்லவும் செய்தோம். டாக்டர் அவர் முகத்துக்கு நேரே விரலை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். கருவிழிகள் விரலோடு போகாமல் நடுங்கின. “மருந்து கொஞ்சம் தூக்கல்தான். ஆனா என்ன செய்ய? முழு மருந்திலேயே அப்படி வந்த ஆளு. குறைச்சா உசிருக்கு யார் பதில் சொல்றது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டது சாதாரணமாகத்தான்.

மதுவிலக்கு இருந்த காலம். தள்ளாடி நடக்கிறார், நாக்குக் குழறுகிறது, கண் ஒரு மாதிரி இருக்கிறது. நில அளவைச் சண்டையில் தோற்ற எவரோ ஒருவர், சர்வேயர் கள்ளத்தனமாகக் குடிக்கிறார் என்று மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார். தாசில்தார் கூப்பிட்டுக் கேட்டார். குடிகாரன் என்று ஒப்புக்கொள்வதா, வலிப்புக்காரன் என்று ஒப்புக்கொள்வதா? இவர் எதையும் ஒப்புக்கொள்ளாமல் தலை குனிந்து நின்றாராம். அந்தத் தாசில்தார் கெட்டவர் இல்லை. வேலையை எடுக்காமல், வெளிவேலை வேண்டாம் என்று பதிவறைக்கு மாற்றிவிட்டார். பழைய புலப்படங்களை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைக்கும் வேலை. தான் வரைந்த கோடுகளையே இரண்டிரண்டாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்படி இரண்டு வருஷம்.

அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு அதன்மேல் குடியிருந்தேன். காலையில் நான் மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பேன். அவர் வாங்கி விழுங்குவார். எண்ணிக்கையில் நான் தவறியதே இல்லை.

மாமியார் மாறிப்போனார். அந்தக் காலைக்குப் பிறகு மகனுக்குத் தன் கையால் எதையும் கொடுப்பதை நிறுத்திவிட்டார். சமையல் முழுவதும் என்னிடம் வந்தது. மகன் காப்பி கேட்டால்கூட, “இருப்பா, அவ வரட்டும்,” என்பார். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டபோது, பிழிந்து எண்ணெயில் போட்டது அவர். எடுத்து மகன் தட்டில் வைக்க என்னைக் கூப்பிட்டார். “எங் கை ஆகாது தாயி,” என்றார். அதை வருத்தமாகச் சொல்லவில்லை. இடது கைப் பழக்கம் எனக்கு என்று ஒருவர் சொல்வது போலச் சொன்னார். அந்த நேரத்தில் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அத்தை, அது நீங்கள் இல்லை என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நான் முறுக்கை எடுத்துக்கொண்டு போய்த் தட்டில் வைத்தேன். பொன்னமராவதி நாத்தனார் ஆறு மாதம் தாயோடு பேசாமல் இருந்தாள். பிறகு பேசினாலும், பேசும்போதெல்லாம் அந்தக் கஷாயம் வந்துவிடும்.

இரண்டாம் வருஷம் பங்குனியில் மாமியார் இறந்துபோனார். நாலு நாள் காய்ச்சல்தான். மூன்றாம் நாள் மகன் கட்டிலருகே உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டினார். கை நடுங்கிக் கஞ்சி கழுத்தில் வழிந்தது. மாமியார் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, “நான் பண்ணுனதுதானய்யா,” என்றார். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போய்விட்டார். நான் துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சித்திரையில் ஒரு நாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அதுவரை அதைக் கிழித்துப் போடாமல் ஏன் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

“இதைப் படிங்க டாக்டர்.”

நின்றுகொண்டே புரட்டினார். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். வாசலில் நோயாளிகள் காத்திருந்தார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அன்னைக்கு இவர் உடம்புல மருந்தே இல்லையா?”

“இல்லை. பத்து நாளா.”

“அதுக்கு முன்னாடி பாதி?”

“ஆமா டாக்டர்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

“மருந்து பத்தாம வந்த இழுப்புன்னு நெனைச்சேன். இது மருந்தை நிறுத்தினதால வந்தது. பழைய மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அதுவே போதும் அவருக்கு. ரெண்டு வருஷம் டீச்சர். ரெண்டு வருஷமா நான் அந்த மனுஷனுக்குத் தேவையில்லாம விஷம் கொடுத்திருக்கேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டே, “அந்த அம்மாவை வேற சத்தம் போட்டேன்,” என்றார்.

பொட்டாசியத்தைப் பற்றி நான் எழுதியிருந்ததைக் கேட்டேன். இந்த நிலையிலும் அதைக் கேட்கத் தோன்றியது. என் புத்தி அப்படி.

“எனக்குத் தெரியாதும்மா. இந்த மாத்திரை நரம்புல என்ன செய்யுதுன்னு முழுசாத் தெரிஞ்சவங்க இன்னைக்கு உலகத்துல யாரும் இருக்கிற மாதிரித் தெரியலை. நிறுத்தினா என்ன ஆகும்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதை நான் ஒங்ககிட்ட மொத நாளே சொன்னேன்.”

பல வருஷங்கள் கழித்து, வலிப்பு மருந்துகளில் சில நரம்பின் சோடிய வாயில்களை அடைக்கின்றன, வேறு சில பொட்டாசிய வாயில்களைத் திறந்து வைத்துத் துடிப்பை அடக்குகின்றன என்று படித்தேன். அடக்குவது பொட்டாசியம் என்ற மட்டில் நான் நினைத்ததில் ஒரு இழை உண்மை இருந்திருக்கிறது. இளநீரைக் குடித்தால் அந்த வாயில் திறந்துவிடாது. அதிகமாகிற பொட்டாசியத்தைச் சிறுநீரகம் அன்றைக்கே வெளியேற்றிவிடும். படித்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பக்கத்தை மூடி வைத்துவிட்டேன்.

மருந்தைக் குறைக்க நாலு மாதம் ஆயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் சொன்னபடி. ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை, அவர் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு இரண்டையும் திறந்தார்.

“நிக்குது,” என்றார்.

அன்றுதான் நான் டாக்டரிடம் நோட்டைக் கொடுத்ததைச் சொன்னேன். டாக்டர் தானாகவே குறைத்தார் என்று அதுவரை அவர் நினைத்திருந்தார். மாமியாரின் கஷாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றார். குரல் உயரவில்லை. “மாத்திரை இல்லைங்கிறது எனக்குத் தெரியாதா? ஒன்னைய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அப்புறம் அதை மாத்தத் தெரியலை. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு பார்த்தேன். எனக்காகச் சொல்லாட்டாலும் ஆத்தாவுக்காகவாவது சொல்லுவன்னு பார்த்தேன். அது எங் கைல ஒரு வாய் காப்பி குடுக்காம போய்ச் சேந்துருச்சு.”

பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருடைய மருந்தை நான் தொட்டதில்லை. அவரே வாங்குவார், அவரே எண்ணிக்கொள்வார். என்னிடம் மற்ற எல்லாவற்றையும் முன்போலவே பேசினார். சில மாதங்களில் பழைய அளவு மாத்திரைக்கு உடம்பு பழகி, வரப்புச் சண்டைகள்கூட வீட்டுக்குத் திரும்பி வந்தன, பதிவறைக்கு மனுக் கொண்டு வருகிறவர்களின் சண்டைகள். வெளிவேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மொட்டைக் கடிதம் கோப்பில் இருந்துகொண்டே இருந்தது. பதிவறையிலேயே பெரிய குமாஸ்தாவாகி ஓய்வு பெற்றார். வலிப்பு மறுபடி வரவில்லை.

டப்பாவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்ட அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒன்று மட்டும் சொன்னார்.

“அக்காகிட்ட நீ போய்ச் சொல்லணும். நான் வர மாட்டேன்.”

சனிக்கிழமை பஸ் ஏறிப் பொன்னமராவதிக்குப் போனேன். நாத்தனார் முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உடைத்தபடியே சொன்னேன். பத்திரிகை, இளநீர், மாத்திரையை நிறுத்தியது, டாக்டரிடம் சொன்னது, எதையும் விடவில்லை. அவள் கை நிற்கவே இல்லை. உடைத்த கடலையை முறத்தில் தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் முடித்த பிறகு எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. அழுகிறாளா என்று தெரியவில்லை. பார்க்கப் போக எனக்கு உரிமை இல்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிடச் சொல்லவில்லை. வெயில் சாய்ந்ததும், “பஸ்ஸு வந்துரும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கடைவீதி வரை வந்தாள். புளியமரத்தடியில் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக நின்றோம். பஸ் தூரத்தில் திரும்பியபோது கேட்டாள்:

“ஆத்தாவுக்குக் கடைசி வரைக்கும் இது தெரியாதா?”

“தெரியாது அண்ணி.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பஸ் வந்து நின்றதும் கம்பியைப் பிடித்து ஏறினேன். உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.